ஈடுக்கு ஈடு: ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்டைக் கார்டு செட்டாக்குவது

அனிமே ஒன்றை வைத்துச் சொந்தமாக ஒரு கார்டு செட் செய்கிறேன் என்று சொன்னால், நண்பர்கள் முதலில் கேட்பது ஹீரோவைப் பற்றித்தான். எட்வர்ட் எல்ரிக்குக்கு எத்தனை பவர்? ராய் மஸ்டாங் விரலைச் சொடுக்கினால் எத்தனை டேமேஜ்? நியாயமான கேள்விகள். ஆனால் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்டை எடுத்துக்கொண்டால் அதற்கு முன்பே வேறொன்று வந்து முட்டும். அந்தக் கதை முழுவதும் ஒரு சட்டத்தின் மேல் நிற்கிறது. ஒன்றைப் பெற வேண்டுமானால் அதற்கு ஈடான ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். கார்டு விளையாட்டோ, கொடுத்ததைவிடக் கூடுதலாக எடுப்பவர் ஜெயிக்கிற விளையாட்டு. இந்த இரண்டையும் ஒரே மேஜையில் எப்படி உட்கார வைப்பது?

கொஞ்ச காலமாக என் மண்டைக்குள் ஓடுவது இதுதான். செட் இப்போது ஆடக்கூடிய நிலைக்கு வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். கதையின் முடிவு வரை பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள், இந்தப் பதிவு எங்கேயும் போய்விடாது.

நான் எடுத்துக்கொண்டது ஹிரோமு அரகாவாவின் மாங்காவையும், அதை ஒட்டி 2009-10இல் போன்ஸ் ஸ்டூடியோ 64 எபிசோடாக எடுத்த ‘பிரதர்ஹுட்’ தொடரையும். 2003இல் வந்த 51 எபிசோடு தொடர் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அப்போது மாங்கா முடியாததால் அது பாதியில் வேறு வழிக்குத் திரும்பி, வேறு முடிவுக்குப் போய்விட்டது. இரண்டையும் கலந்தால் ஹோமன்குலஸ்கள் என்ற செயற்கை மனிதர்கள் எப்படிப் பிறக்கிறார்கள் என்பதே குழம்பிவிடும். அரகாவா ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர். உழைத்தால்தான் சோறு, ஒரு உயிரைத் தின்றுதான் இன்னொரு உயிர் வாழ்கிறது என்ற கணக்கைப் பண்ணையிலேயே பார்த்தவர் எழுதிய கதை இது என்பது ஒவ்வொரு அத்தியாயத்திலும் தெரியும்.

விளையாட்டின் அடித்தளத்துக்கு மேஜிக்: த கேதரிங்கை வைத்துக்கொண்டேன். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் லட்சக்கணக்கானவர்கள் ஆடி ஆடித் தேய்த்துப் பளபளப்பாக்கிய விதிகள் கையில் இருக்கும்போது, புதிதாக ஒரு விளையாட்டையே கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மானா செலவு, ஐந்து நிறம், தாக்குதல், தடுப்பு எல்லாம் தயாராக இருக்கிறது. என் வேலை கதையை அதற்குள் ஏற்றுவது மட்டும்தான்.

கதையை ஏற்றுவது என்றால் படத்தை ஒட்டுவது கிடையாது. நல்ல செட்டுகளில் கதை விதிக்குள் இருக்கும். பண்டாயின் ஒன் பீஸ் கார்டு விளையாட்டைப் பாருங்கள். அதில் லீடர் அடி வாங்கினால் லைஃப் கார்டு ஒன்று போய்விடும். ஆனால் அந்தக் கார்டு நம் கைக்கு வரும். அடி வாங்க வாங்கக் கை பெருகுகிறது. கதையின் ஹீரோ லூஃபி அடிபட்டும் எழுந்து நிற்பதைத் தனியாக ஒரு கார்டில் எழுத வேண்டியதே இல்லை, ஒவ்வொரு ஆட்டத்திலும் அது தானாக நடக்கிறது. 2025 நவம்பரில் வந்த அவதார் மேஜிக் செட்டிலும் இப்படித்தான். மண்ணை ஆளும் வித்தையைப் பயன்படுத்தினால், நம் நிலக் கார்டே எழுந்து சண்டைக்குப் போகும், செத்தால் மறுபடி நிலமாகத் திரும்பி வரும். வாசித்த உடனே டோஃப் ஞாபகத்துக்கு வருகிறாள்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் யூ-கி-ஓவின் ஆரம்ப அத்தியாயங்கள். கஸூகி தகஹாஷி 1996இல் தொடங்கிய மாங்கா அது. அதில் யூகி ஒரு ஆட்டத்தில் எதிராளியைத் தாக்காமல் வானத்து நிலவைத் தாக்கி, கடல் நீரை வடிய வைத்து ஜெயிப்பான். கதையாக அற்புதம். ஆனால் 1999இல் கொனாமி அதை நிஜ விளையாட்டாகக் கொண்டுவந்தபோது அந்தத் துணிச்சலுக்கு விதியில் இடமில்லை. முதலில் கதைக்காக ஆட்டம், பிறகு ஆட்டத்துக்காக விதி என்று போனால் அப்படித்தான் ஆகும். ஃபுல்மெட்டலில் எனக்கு அந்தச் சிரமம் இல்லை. அந்த உலகத்திலேயே விதி இருக்கிறது, எல்லோரும் அதற்குக் கட்டுப்படுகிறார்கள் அல்லது அதை ஏமாற்றப் பார்க்கிறார்கள்.

அந்த விதிக்கு நான் வைத்த கீவேர்டு ‘ஈடு’. இப்படி வேலை செய்யும்: உங்களிடம் ஒரு ரசவாதி இருந்தால், மேஜையில் இருக்கும் உங்கள் ஆர்டிஃபாக்ட் ஒன்றைப் பலி கொடுத்து, டெக்கின் மேலிருந்து ஐந்து கார்டைப் பார்க்கலாம். அதே மானா மதிப்புள்ள இன்னொரு ஆர்டிஃபாக்ட் அதில் இருந்தால் இறக்கலாம். மூன்றைக் கொடுத்தால் மூன்று. இரும்புக் குழாயைக் கொடுத்து ஈட்டி எடுப்பது மாதிரி. கணக்குப்படி லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. டெக் முழுவதையும் தேட விடவில்லை. அப்படி விட்டால் ஒவ்வொரு ஆட்டமும் ஒரே மாதிரி ஓடும், ஒவ்வொரு தடவையும் டெக்கைக் கலைக்க வேண்டும், எதிரில் இருப்பவர் சலித்துப்போவார்.

லாபமே இல்லாத கீவேர்டை யார் ஆடுவார்கள் என்று கேட்டால், பதில் நேரத்தில் இருக்கிறது. ஈட்டை எதிராளியின் முறையிலும் செய்யலாம். தொட்டாலே எதையும் உடைக்கும் ஸ்கார், கை நீட்டி உங்கள் ஆர்டிஃபாக்ட்டை உடைக்க வருகிறான். எப்படியும் போகப்போகிற பொருள். அதை அந்த நொடியில் ஈடாக வைத்து வேறொன்றை எடுத்துவிடலாம். ஸ்காரின் கை காற்றில் விழும். எட்வர்ட் இரண்டு கையையும் தட்டித் தரையில் வைக்கிற வேகம் எனக்கு அங்கேதான் கிடைத்தது. மேஜிக்கிலேயே இதற்கு முன்னோடிகள் உண்டு. 2005 ராவ்னிகா செட்டில் டிரான்ஸ்ம்யூட் என்றொரு கீவேர்டு: கையில் உள்ள கார்டைப் போட்டுவிட்டு, அதே மானா செலவுள்ள இன்னொன்றை டெக்கிலிருந்து தேடி எடுக்கலாம். 2011இல் வந்த பர்த்திங் பாட் ஒரு படி மேலே போய், ஒரு உயிரை (கிரியேச்சர் கார்டை) பலி கொடுத்தால் ஒரு மானா அதிகமுள்ள உயிரைக் கொடுத்தது. அந்த ஒன்றே ஒன்று அதிகம் போதும். மாடர்ன் வகை ஆட்டத்தில் 2015 ஜனவரியில் அதைத் தடை செய்தார்கள். சமமாக மாற்றுவதற்கும், ஒன்று கூட்டி மாற்றுவதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கதையிலும் எல்லோரும் தேடி அலைவது அந்தப் பள்ளத்தைத் தாண்டும் வழியைத்தான். அதன் பெயர் தத்துவஞானியின் கல். கல் இருந்தால் ஈடு தேவையில்லை என்று நம்பிப் போகிறார்கள். போய்ப் பார்த்தால், ஈடு ஏற்கனவே கொடுக்கப்பட்டிருக்கிறது. உயிரோடு இருந்த மனிதர்களைக் கொண்டு செய்த கல் அது.

கல் கார்டு இப்படி: மூன்று மானா. இறங்கும்போது உங்கள் உயிர்களில் எத்தனை வேண்டுமானாலும் பலி கொடுக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆன்மா கவுண்டர். ஈடு செய்யும்போது ஒரு கவுண்டரை எடுத்தால் மானா மதிப்பைப் பார்க்கத் தேவையில்லை. ஒரு மானா பொருளைக் கொடுத்து ஏழு மானா பொருளை எடுக்கலாம். வேண்டுமென்றேதான் இதை வலுவாக வைத்திருக்கிறேன். ஆசை வராத கல்லுக்கு இந்தக் கதையில் அர்த்தம் கிடையாது. சாதாரண ஈடு உயிரைத் தொடாது, கல் மட்டும் தொடும். செட் முழுவதும் இந்த ஒரு கோட்டின் இரண்டு பக்கத்தில் பிரிந்து நிற்கிறது.

அங்கிருந்துதான் எனக்குப் பெயரில்லாதவர்கள் முக்கியமானார்கள். அனிமேயை வைத்துச் செட் செய்பவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பிடித்த கதாபாத்திரம் அறுபது இருக்கும், அறுபதையும் லெஜண்டரி ஆக்கத் தோன்றும். ஆனால் ஒரு செட்டைத் தாங்குவது காமன் கார்டுகள். மேஜிக்கின் பெரிய செட்டில் பல வருடம் 101 காமன் என்பது வழக்கமாக இருந்தது, ரேர் அதில் ஏறக்குறையப் பாதிதான். என் செட் 180 கார்டு, எல்லாம் ஒவ்வொரு பிரதி. நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்குப் பதினைந்து கார்டு கொண்ட மூன்று பாக்கெட் பிரித்து ட்ராஃப்ட் ஆடினால் சரியாக 180 வரும். அதில் மூன்றில் ஒரு பங்கைப் பெயரில்லாத ஜனங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ரீசெம்பூலின் ஆட்டிடையர். லியோர் ஊரின் பக்தை. ரஷ் வேலியில் ஆட்டோமெயில் கை கால் பொருத்தும் மெக்கானிக். பிரிக்ஸ் கோட்டையில் பனிக்கட்டியைத் தட்டிவிடும் சிப்பாய். இஷ்வாலின் முதிய துறவி. ஒவ்வொருவருக்கும் சின்னதாக ஒரு திறமையும், தங்கள் வேலையைப் பற்றி அவர்களே சொல்கிற ஒரு வரியும் உண்டு. ஒரு மானா, பவரும் டஃப்னெஸும் ஒன்றுக்கு ஒன்று என்று எழுதியிருக்கும் சிறிய கார்டுகள்தான். கல்லுக்குள் போகப்போகிறவர்கள் இவர்கள் என்பதால் இவர்களை அசட்டையாகச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வரைகிற நண்பரிடமும் அதையே சொன்னேன்: “மஸ்டாங்கை அப்புறம் வரையலாம்டா. அந்த ஆட்டிடையப் பாட்டியோட முகத்தை முதல்ல ஒழுங்கா வரைஞ்சு குடு.”

ஷௌ டக்கரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். தன் மகள் நீனாவையும், அவள் நாய் அலெக்ஸாண்டரையும் கலந்து பேசும் கைமேரா செய்தவன். இதைக் கார்டாக்குவது சுலபம் என்றுதான் தோன்றும்: இரண்டு உயிரைப் பலி கொடு, பெரிய உயிர் ஒன்றை எடு. அப்படி எழுதினால் அது வெறும் வியாபாரம். ஆடுகிறவர் சந்தோஷமாகச் செய்துவிட்டு அடுத்த முறைக்குப் போய்விடுவார். அந்தக் காட்சி நமக்குச் செய்ததில் ஒரு துளிகூட வராது.

திரும்பப் போய் அந்த எபிசோடைப் பார்த்தேன். டக்கர் ஒரே நாளில் அரக்கனாகவில்லை. அவனுக்கு வருடாந்திர மதிப்பீடு வருகிறது. அதில் தேறாவிட்டால் அரசு ரசவாதி உரிமம் போய்விடும், வீடும் ஆய்வுப் பணமும் போய்விடும். அந்தக் கெடுவைத்தான் கார்டில் கொண்டுவர வேண்டும் என்று பட்டது. இப்போது டக்கர் மேஜையில் இருக்கும்வரை உங்கள் ஒவ்வொரு முறையிலும் கூடுதலாக ஒரு கார்டு கிடைக்கும். செட்டிலேயே ஆசை காட்டும் கார்டுகளில் ஒன்று. கூடவே ஒவ்வொரு முறையும் ஒரு மதிப்பீட்டுக் கவுண்டர் ஏறும். மூன்றாவது ஏறியதும், ரசவாதி அல்லாத உங்கள் உயிர்கள் இரண்டைப் பலி கொடுத்துக் கைமேரா டோக்கன் எடுக்க வேண்டும். இல்லையென்றால் டக்கர் போய்விடுவான். நீனாவும் அலெக்ஸாண்டரும் தனித்தனிக் கார்டுகள், இரண்டும் மலிவு, நீனா இருந்தால் உங்கள் முறை முடியும்போதெல்லாம் ஒரு உயிர்ப்புள்ளி கிடைக்கும். டோக்கனில் பவர் ஐந்து, டஃப்னெஸ் ஐந்து. கீழே எழுத்து எதுவுமே இல்லை. நீனாவின் அந்த ஒரு புள்ளி நின்றுபோயிருக்கும்.

யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. மூன்று முறை தள்ளி என்ன வரப்போகிறது என்பது முதல் நாளே தெரியும், கார்டில் எழுதியிருக்கிறது. எங்கள் குழுவில் ஒருத்தி டக்கரை இறக்கி இரண்டு முறை கார்டு எடுத்தாள். மூன்றாவது கவுண்டர் ஏறியபோது மேஜையில் அவளிடம் இருந்தது நீனாவும் ஒரு மெக்கானிக்கும்தான். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு டக்கரையே தூக்கிக் குழியில் (கிரேவ்யார்டில்) போட்டாள். “தோத்தாலும் பரவால்ல, இதை நான் பண்ண மாட்டேன்” என்றாள். எதிரில் இருந்தவன், “கணக்குப்படி நீ பண்ணிருக்கணும்” என்றான். இருவர் சொன்னதும் உண்மை. அந்தக் கார்டில் இனி ஒரு எழுத்தைக்கூட மாற்றப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

செத்தவரை உயிர்ப்பிக்கப் பார்க்கும் மனித உருமாற்றத்துக்கு சாகா வகைக் கார்டு கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். 2018 டொமினாரியா செட்டில் வந்த வகை. முறைக்கு ஒரு அத்தியாயமாக நடந்து, மூன்றாவது முடிந்ததும் போய்விடும். ரசவாதமும் மூன்று படி: புரிந்துகொள்வது, பிரிப்பது, திரும்பக் கட்டுவது. முதல் படியில் குழியிலிருக்கும் ஒரு உயிரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். இரண்டாவதில் நீங்கள் ஒன்றை இழக்க வேண்டும், எதை என்று முடிவு செய்வது எதிராளி. வாசலின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ‘உண்மை’ அப்படித்தானே கேட்கும்? நிற்கத் துடித்தவனின் காலை, ஊரைக் காக்க நினைத்தவனின் கண்ணை. மூன்றாவதில் நீங்கள் கேட்ட ஆள் வருவதில்லை, அந்தக் கார்டு ஆட்டத்தைவிட்டே போய்விடும். அதற்குப் பதில் ஆட்டம் முடியும்வரை உங்கள் ரசவாதிகள் எல்லோரும் உருமாற்ற வட்டம் போடாமலே ஈடு செய்யலாம், வட்டத்துக்காகக் கொடுக்கும் செலவில் ஒரு மானா குறையும். நஷ்டம்தான், ஆனால் வெறும் நஷ்டம் இல்லை. அம்மாவை உயிர்ப்பிக்க முயன்ற இரவிலிருந்து எட்வர்ட் கொண்டுவந்தது அதைத்தான்.

ஹோமன்குலஸ்களுக்கு மேஜிக்கின் ஷீல்டு கவுண்டர் விதி அப்படியே பொருந்தியது: அடி விழும்போதோ அழிக்கப்படும்போதோ அதற்குப் பதிலாக ஒரு கவுண்டர் போகும். லஸ்ட்டின் கவுண்டர்களை மஸ்டாங் ஒவ்வொன்றாக எரித்துத் தீர்க்கும்போது 19ஆம் எபிசோடு மேஜையில் ஓடுகிறது. மழைக்கு ஒரு என்சாண்ட்மென்ட் கார்டு உண்டு, அது இருக்கும்வரை மஸ்டாங் சொடுக்க முடியாது. அதை எடுத்தவர்கள் எல்லோருமே சிரித்துக்கொண்டேதான் இறக்குகிறார்கள்.

பச்சை நிறம்தான் ரொம்பப் படுத்தியது. கதை நடக்கும் அமெஸ்ட்ரிஸ் நாடு முழுக்க ராணுவமும் இரும்பும். காடும் இயற்கையும் எங்கே? ஒரு பக்கம் ஷிங் நாட்டு மே சாங்கின் ரசவாதம், நிலத்துக்குள் ஓடும் டிராகனின் நாடியைக் கேட்டுச் செய்வது. இன்னொரு பக்கம், ஆசிரியை இஸுமி, சின்னப் பையன்களாக இருந்த எல்ரிக் சகோதரர்கள் இரண்டு பேரையும் ஒரு கத்தியோடு தீவில் விட்டுவிட்டுப் போன மாதம். எறும்பைத் தின்று, முயலைக் கொல்லத் தயங்கி, தானும் இந்தச் சுழற்சியில் ஒரு துணுக்கு என்று எட்வர்ட் உணர்கிற அத்தியாயம். பண்ணைவீட்டில் வளர்ந்த அரகாவா முழுதாகத் தெரிகிற இடம் அது என்பது என் எண்ணம். பச்சைக் கார்டுகள் எல்லாம் குழியிலிருப்பதை மண்ணாக, மானாவாக மாற்றும். செத்தது எதுவும் வீணாகாது.

எட்வர்டின் கடைசி உருமாற்றத்தைப் பற்றி எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது. அவன் தன் வாசலையே, அதாவது தன் ரசவாதம் முழுவதையும் கொடுத்து, வெறும் கவசமாக இருந்த தம்பி அல்போன்ஸைத் திரும்ப எடுக்கிறான். கார்டும் அதையே செய்யும்: இனி இந்த ஆட்டத்தில் நீங்கள் ஈடு செய்ய முடியாது, அல்போன்ஸ் கவசம் இல்லாத மனிதனாகத் திரும்பி வருவான், ஒன்றுக்கு ஒன்று. ஆட்டத்தை ஜெயிக்க உதவாத கார்டு. “இதை இறக்கினா ஜெயிச்ச மாதிரின்னு எழுதிடு, எல்லாரும் எடுப்பாங்க” என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எட்வர்ட் அப்போது ஜெயிப்பதற்காக அதைச் செய்யவில்லை, சண்டை ஏற்கனவே முடிந்திருந்தது. ஒரே ஒரு சலுகை கொடுத்திருக்கிறேன்: இறக்கியவர் கையில் இருக்கும் ஒரு கார்டை மேஜையில் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பத்து வாங்கினால் ஒன்று சேர்த்துப் பதினொன்றாகக் கொடுப்போம் என்று அந்தச் சகோதரர்கள் கடைசியில் எடுக்கிற முடிவுக்காக.

தயாரிப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மேஜிக் செட் எடிட்டர் என்ற இலவச மென்பொருளில் கார்டை அமைக்கிறேன். முதலில் சாதாரணத் தாளில் 63க்கு 88 மில்லிமீட்டர் அளவில் பிரிண்ட் எடுத்து, ஸ்லீவுக்குள் பழைய காமன் கார்டு ஒன்றின் முன்னால் செருகினால் ஆடிப் பார்க்கப் போதும். விதி உறுதியாகும்வரை நல்ல அட்டைக்குச் செலவு செய்யாதீர்கள். யாருக்கும் விற்க மாட்டேன், தயவுசெய்து விலை கேட்காதீர்கள். கதை அரகாவாவினுடையது, விதி இன்னொரு நிறுவனத்தினுடையது, நாங்கள் வீட்டில் ஆடுகிறோம்.

இப்போது மேஜையில் இருப்பது எல்ரிக் சகோதரர்களின் அப்பா ஹோஹென்ஹைம். அவருக்குள் ஸெர்க்சஸ் நாட்டு மக்களின் ஆன்மாக்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். ஹோமன்குலஸ்களுக்கு அவை வெறும் எரிபொருள். ஹோஹென்ஹைம் மட்டும் அத்தனை பேரோடும் ஒவ்வொருவராகப் பேசி முடித்தவர். அதனால் அவருக்குக் கவுண்டர் கிடையாது. உங்கள் உயிர்களில் எது செத்தாலும், அந்தக் கார்டையே எடுத்து முகம் தெரியும்படி அவருக்குக் கீழே செருகுகிறீர்கள். அடி விழும்போது எந்தக் கார்டு போக வேண்டும் என்று பெயரைப் படித்துத்தான் எடுக்க வேண்டும்: ஆட்டிடையர், பக்தை, மெக்கானிக், சிப்பாய். விதி சரியாக ஓடுகிறது. ஆறேழு கார்டு சேர்ந்ததும் அடுக்கு சரிந்து பக்கத்துக் கார்டுகளின் மேல் விழுகிறது என்பதுதான் ஒரே தொல்லை. அதற்காக விளிம்பில் பெயர் மட்டும் தெரிகிற மாதிரி படிப்படியாக அடுக்க, நீளமான ஒரு துணி விரிப்பு வெட்டிக்கொண்டிருக்கிறேன்.